காட்டை வெட்டித்தான் இந்தப் பறவையைக் காப்பாற்ற வேண்டுமா? ஜாக் பைன் மரமும் கிர்ட்லாண்ட் வார்ப்ளரும்

2019 அக்டோபரில் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை ஒரு பாடும் பறவையை அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. பறவையின் பெயர் கிர்ட்லாண்ட் வார்ப்ளர். நீக்கிய பிறகும் அதற்காக மிச்சிகன் மாநிலத்தில் நடக்கும் வேலை நிற்கவில்லை. அங்கே ஆண்டுதோறும் பெரும் பரப்பில் ஜாக் பைன் காடு தரைமட்டமாக வெட்டப்படுகிறது. வெட்டிய இடத்தில் அதே மரத்தின் நாற்று நடப்படுகிறது. ஐம்பது ஆண்டு கழித்து அதுவும் வெட்டப்படும்.

செய்தியைப் படிப்பவருக்கு இங்கே இரண்டு இடத்தில் தடுக்கும். பறவை பிழைத்துவிட்டது என்றால் இன்னும் ஏன் இவ்வளவு வேலை? பறவையைக் காப்பது என்றால் காட்டை வளர விடுவதுதானே, எதற்கு வெட்டுகிறார்கள்? ஒரு ஊசியிலை மரமும் ஒரு பறவையும் ஒரே நெருப்புக்கு எப்படி வெவ்வேறு விதமாகப் பழகிக்கொண்டன என்று பார்த்தால் இரண்டுக்கும் விடை கிடைக்கும்.

## மரம்: விதையைப் பூட்டி வைக்கும் பைன்

ஜாக் பைனின் அறிவியல் பெயர் பைனஸ் பேங்க்சியானா. கனடாவின் வடமேற்குப் பகுதியிலிருந்து அட்லாண்டிக் கரையிலுள்ள நோவா ஸ்கோஷியா வரை பரவியிருக்கிறது. மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா ஆகிய அமெரிக்க மாநிலங்கள் அதன் தெற்கு ஓரம். தென்னிந்தியாவுக்கு உரிய பைன் இனம் எதுவும் கிடையாது. கொடைக்கானல், உதகைப் பக்கம் நாம் பார்க்கும் பைன் தோப்புகள் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. அங்குள்ள நெடிய மரங்களை மனதில் வைத்து ஜாக் பைனைக் கற்பனை செய்தால் தவறாகிவிடும். இது பெரும்பாலும் 17 முதல் 20 மீட்டருக்குள் நின்றுவிடும் மெலிந்த மரம். ஊசிகள் இரண்டிரண்டாக, முறுக்கிக்கொண்டு, 2 முதல் 4 சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கும். மற்ற மரங்கள் தயங்கும் வறண்ட மணலில் வளரும். நிழலைத் தாங்காது. 60 முதல் 80 வயதுக்குள் தோப்பு சிதையத் தொடங்கும்.

இந்த மரத்தின் முக்கியமான உறுப்பு கூம்பு. பைன் இனங்களில் விதை, பழத்துக்குள் இருப்பதில்லை. மரச்செதில்கள் அடுக்கிய கூம்புக்குள் இருக்கும். பல பைன்களில் கூம்பு முற்றியதும் செதில்கள் விரிந்து விதை உதிரும். ஜாக் பைனின் பெரும்பாலான கூம்புகள் அப்படித் திறப்பதில்லை. செதில்களின் விளிம்பைப் பிசின் ஒட்டி மூடியிருக்கும். அந்தப் பிசின் இளக ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். காற்று ஒருபோதும் அந்தச் சூட்டைத் தொடாத குளிர்நாட்டில், உயரக் கிளையிலுள்ள கூம்புக்கு அந்த வெப்பத்தைத் தருவது காட்டுத்தீதான்.

தீ வந்தால் நடப்பது இந்த வரிசையில்:

1. தீ கிளைகளின் வழியே உச்சிக்கு ஏறுகிறது. மரப்பட்டை மெல்லியது என்பதால் பெரும்பாலான மரங்கள் செத்துவிடுகின்றன.
2. தீ ஓரிடத்தில் நிற்கும் நேரம் குறைவு. கூம்பின் கட்டை உள்ளிருக்கும் விதையை அந்த நேரத்துக்குக் காக்கிறது. பிசின் மட்டும் இளகுகிறது.
3. அடுத்த நாட்களில் செதில்கள் விரிந்து, பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த விதைகள் ஒரே சமயத்தில் விழுகின்றன.
4. கீழே சருகும் புல்லும் எரிந்து மணல் வெளிப்பட்டிருக்கிறது. மேலே நிழல் இல்லை. முளைக்க வேண்டிய இரண்டு நிபந்தனைகளும் அப்போதுதான் சேர்ந்து அமைகின்றன.

மூடிய கூம்புக்குள் விதை பத்து ஆண்டுக்கும் மேலாக உயிர்ப்புடன் இருக்கக்கூடும். ஆகவே இந்த மரம் எந்த ஆண்டு தீ வரும் என்று அறியத் தேவையில்லை. எந்த ஆண்டு வந்தாலும் தலைக்கு மேல் விதைக்கிடங்கு தயாராக இருக்கிறது. தீக்குப் பின் எழும் காடு முழுவதும் ஏறத்தாழ ஒரே வயது, ஒரே உயரம், நெருக்கமான கூட்டம். நடுவே விதை விழாத வெற்றிடங்கள். இந்த வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பறவைக்கு வேண்டியது இதுதான்.

## பறவை: ஒரு சிறு வயதுக் காட்டை மட்டும் தேடும் பாடகன்

கிர்ட்லாண்ட் வார்ப்ளர், அறிவியல் பெயர் செட்டோஃபாகா கிர்ட்லாண்டீ, சுமார் 14 கிராம் எடையுள்ள சிறு பறவை. மேல்புறம் நீலச் சாம்பல், அடிப்புறம் மஞ்சள், பக்கங்களில் கருங்கீற்று. வாலை ஓயாமல் மேலும் கீழும் அசைக்கும். ஆணின் பாட்டு உடம்புக்குப் பொருந்தாத உரத்த குரல். அதனால்தான் பாடும் ஆண்களை எண்ணி மொத்த எண்ணிக்கையைக் கணிக்க முடிகிறது. இந்தக் கட்டுரையில் வரும் கணக்குகள் அந்த முறையில் எடுத்தவை: பாடும் ஓர் ஆணை ஓர் இணையாகக் கொள்வார்கள்.

1851-இல் ஒஹையோவின் கிளீவ்லாந்து அருகே ஜாரெட் கிர்ட்லாண்ட் என்பவரின் பண்ணையில் கிடைத்த பறவையை வைத்து மறு ஆண்டு இனம் விவரிக்கப்பட்டது. குளிர்காலத்தை அது பஹாமாஸ் தீவுகளில் கழிப்பதும் 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரியவந்தது. கூடு எங்கே என்பது மட்டும் 1903 வரை தெரியவில்லை. அந்த ஆண்டு மிச்சிகனின் ஒஸ்கோடா மாவட்டத்தில், ஓ சேபிள் ஆற்றுப் பக்கம், நார்மன் உட் முதல் கூட்டைக் கண்டார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் தேடியும் கூடுகள் கிடைத்தது மிச்சிகன் கீழ்த் தீபகற்பத்தின் வடபகுதியில் மட்டுமே. உலகத்தின் எல்லாக் கிர்ட்லாண்ட் வார்ப்ளர்களும் சில மாவட்டங்களுக்குள் இனப்பெருக்கம் செய்தன. மேல் தீபகற்பத்தில் 1990-களிலும், விஸ்கான்சினிலும் கனடாவின் ஒண்டாரியோவிலும் 2007-இலும்தான் கூடுகள் உறுதியாயின.

மே மாத நடுவில் ஆண்கள் வந்து எல்லை பிடிக்கும். பெண் கூட்டைத் தரையில், புல்லுக்குள் பதித்துக் கட்டும். முட்டை பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து. அடைகாப்பு இரண்டு வாரம். குஞ்சு ஒன்பது, பத்து நாளில் கூட்டைவிட்டு வெளியேறும். உணவு பூச்சி, புழு, வெட்டுக்கிளி. கோடைக் கடைசியில் புளூபெர்ரிப் பழமும் சேரும். இலையுதிர்காலத்தில் மீண்டும் பஹாமாஸ்.

## இரண்டையும் அருகருகே வைத்தால்

தீயை நம்பி வாழ்வதில் மரமும் பறவையும் ஒன்று. நம்பும் விதத்தில் வேறுபடுகின்றன. நான்கு வேறுபாடுகள் முக்கியம்.

1. சேமிப்பு. மரம் எதிர்காலத்தைக் கூம்பில் சேர்த்து வைக்கிறது. பறவைக்கு அப்படிக் கிடங்கு எதுவும் இல்லை. ஓர் ஆண்டு கூடுகள் தோற்றால் அந்த ஆண்டின் தலைமுறையே போயிற்று. சில ஆண்டுகளே வாழும் உயிருக்கு இது பெரிய இழப்பு.

2. இடம். மரம் நகராது, தீ தன்னிடம் வரக் காத்திருக்கும். பறவை நகரும், எரிந்து முளைத்த இடத்தைத் தேடிப் போகும். பழைய காடு கைவிட்டுப்போகும்போது, பறக்கும் தூரத்துக்குள் புதிய இளங்காடு இருந்தாக வேண்டும்.

3. காலம். ஒரு ஜாக் பைன் தோப்பின் ஆயுள் அறுபது, எண்பது ஆண்டு. அதில் பறவைக்குப் பயன்படுவது ஏறத்தாழ 5 வயதிலிருந்து 20 வயது வரை. அதிலும் செழிப்பான காலம் பத்து ஆண்டுதான். மீதி அரை நூற்றாண்டுக்கு அதே மரம், அதே மண், அதே இடம். பறவை மட்டும் வராது.

4. சார்பு. மரத்துக்குப் பறவை தேவையில்லை. விதையைப் பரப்ப இது உதவுவதில்லை. ஜாக் பைனின் பெரும் பரப்பில் இந்தப் பறவை என்றுமே இருந்ததில்லை. பறவைக்கோ மரம் இல்லாமல் வழியே இல்லை.

நான்காவது வேறுபாட்டைப் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். ஜாக் பைன் அழியும் நிலையில் உள்ள மரமன்று. கனடாவில் கோடிக்கணக்கில் நிற்கிறது. அழிய இருந்தது ஒரு குறிப்பிட்ட வயதுள்ள, ஒரு குறிப்பிட்ட மணலில் நிற்கும் ஜாக் பைன் காடு. மரத்தைப் பாதுகாத்தால் பறவை பிழைக்கும் என்று நினைத்தது அந்த வயதைக் கணக்கில் எடுக்காததால் வந்த தவறு.

## ஏன் இளம் பைன் மட்டும்?

பறவை ஊசியிலையின் சுவைக்காக வரவில்லை. கூட்டின் மேல் கூரையைத் தேடி வருகிறது. இளம் ஜாக் பைனின் கீழ்க்கிளைகள் பச்சையாகத் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கிளைக்குக் கீழே புல், கோரை, குட்டையான புளூபெர்ரிச் செடி. கூடு அதற்குள். மேலிருந்து பார்க்கும் பருந்துக்கோ நீல ஜே பறவைக்கோ எதுவும் தெரியாது.

- 5 வயதுக்கு முன்: செடி ஒன்றரை மீட்டர்கூட இல்லை. மறைப்புப் போதாது.
- 6 முதல் 15 வயது: உயரம் ஏறத்தாழ 2 முதல் 4 மீட்டர். கிளைகள் தரைவரை, இடைவெளிகளில் வெயில் விழுவதால் புல்லும் செழிக்கிறது. பறவைகள் அதிகம் கூடும் காலம் இது.
- 15-க்குப் பின்: உச்சிகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிழல் மூடுகிறது. நிழல் தாங்காத மரம் என்பதால் கீழ்க்கிளைகள் காய்ந்து உதிர்கின்றன, தரைப்புல் மெலிகிறது.
- 20-ஐத் தாண்டினால்: கூரை போயிற்று. பறவைகள் இடத்தை விட்டுவிடுகின்றன.

வயதோடு மூன்று அளவுகளும் பொருந்த வேண்டும். முதலாவது நெருக்கம்: ஹெக்டேருக்கு இரண்டாயிரம் தண்டுக்குக் குறையாமல். இரண்டாவது பரப்பு: 80 ஏக்கருக்குக் கீழான துண்டுகளைப் பறவை பெரும்பாலும் புறக்கணிக்கிறது, பல நூறு ஏக்கர் ஒரே வயதில் இருந்தால் கூட்டமாக வருகிறது. மூன்றாவது மண். இந்தப் பகுதியின் மணலுக்கு கிரேலிங் மணல் என்று பெயர். மழை எவ்வளவு பெய்தாலும் உடனே உறிஞ்சிவிடும். தரையில் கூடு கட்டும் பறவைக்கு நீர் தேங்காத தரை உயிர்ப் பிரச்சினை. களிமண் கலந்த இடத்தில் ஒரே கோடை மழையில் குஞ்சுகள் மூழ்கிப்போகும். ஜாக் பைன் இவ்வளவு பரந்தும் பறவை இவ்வளவு குறுகியும் இருப்பதற்கு இந்த மூன்று நிபந்தனைகளும் வயதும் ஒரே இடத்தில் கூடுவது அரிது என்பது பெரிய காரணம்.

## தீயை நிறுத்தியதும் நடந்தது

மிச்சிகனில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மரவியாபாரிகள் உயர்ந்த வெள்ளைப் பைன், செம்பைன் காடுகளை வெட்டித் தள்ளினார்கள். மிஞ்சிய கிளைக்குப்பையில் தீ திரும்பத் திரும்பப் பிடித்தது. எரிந்த மணலில் ஜாக் பைன் எழுந்தது. 1880-களிலும் 1890-களிலும் பஹாமாஸில் இந்தப் பறவை நிறையப் பிடிபட்டதற்கு இந்தத் தீக்காலமே காரணம் என்று கருதப்படுகிறது.

பிறகு தீத்தடுப்பு வந்தது. காவல் கோபுரம், சாலை, தீயணைப்புக் குழு எல்லாம் வந்தன. குடியிருப்பைக் காக்க அவை வேண்டியவைதான். ஆனால் எரியாத ஜாக் பைன் முதிர்ந்துகொண்டே போனது. புதிய இளங்காடு பிறக்கவில்லை. பல இடங்களில் அதிக விலை போகும் செம்பைன் நடப்பட்டது. அதன் கிளைகள் தரையை மூடும் விதம் வேறு. இந்தப் பறவைக்கு அது பொதுவாகப் பொருந்தாது.

கணக்கெடுப்பு சொல்வது இது. 1951-இல் பாடும் ஆண்கள் 432. 1961-இல் 502. 1971-இல் 201. பத்து ஆண்டில் அறுபது விழுக்காடு சரிவு. 1974-இல் 167 ஆனது. 1987-இல் மறுபடியும் அதே 167.

## இரண்டாவது எதிரி: அடுத்தவர் கூட்டில் முட்டையிடும் கௌபேர்ட்

சரிவுக்கு வாழிடம் மட்டும் காரணமல்ல. நம் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவதைப் போல, பழுப்புத்தலைக் கௌபேர்ட் என்ற பறவை வார்ப்ளர் கூட்டில் முட்டையிடும். அது புல்வெளிகளின் பறவை. காடு வெட்டப்பட்டு வயலும் மேய்ச்சலும் வந்ததும் கிழக்கே பரவி மிச்சிகனுக்கு வந்தது. கிர்ட்லாண்ட் வார்ப்ளருக்கு அதனோடு பழக்கமில்லை. அந்நிய முட்டையைத் தள்ளிவிடத் தெரியவில்லை. கௌபேர்ட் குஞ்சு முன்னதாகப் பொரித்து, பெரிதாக வளர்ந்து, இரையைப் பறித்துக்கொள்ளும். வார்ப்ளர் குஞ்சுகள் பட்டினியில் சாகும்.

1960-களின் கடைசியில் பாதிக்கும் மேற்பட்ட கூடுகளில் கௌபேர்ட் முட்டை இருந்தது. ஒரு கூட்டிலிருந்து சராசரியாக ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை. 1972-இல் பொறி வைத்துப் பிடிக்கத் தொடங்கினார்கள். பெரிய கம்பிவலைக் கூண்டுக்குள் தானியம், தண்ணீர், ஈர்ப்புக்காகச் சில உயிருள்ள கௌபேர்ட்கள். மேலே உள்ள சந்து வழியாக இறங்கும் பறவை மீண்டும் வெளியேற முடியாது. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் பிடித்து அகற்றினார்கள். முட்டை கலப்பு சில விழுக்காட்டுக்கு இறங்கியது. கூட்டுக்குத் தேறும் குஞ்சுகள் மூன்றை நெருங்கின.

இங்கே கவனிக்க வேண்டியது: கூடுகள் வெற்றி பெற்றும் 1972 முதல் 1987 வரை எண்ணிக்கை ஏறவில்லை. சரிவு நின்றது, அவ்வளவுதான். குஞ்சுகள் வளர்ந்து திரும்பியபோது எல்லை பிடிக்க இளங்காடு இல்லை. இரண்டு தடைகள் இருக்கும்போது ஒன்றை நீக்கினால் மற்றது தன் வலிமையைக் காட்டும். எதிரியை அகற்றியதே போதும் என்று யாராவது வாதிட்டால் இந்தப் பதினைந்து ஆண்டைக் காட்டலாம்.

பின்னாளில் வேறொரு செய்தியும் வந்தது. 2015-க்குப் பிறகு பொறிகளைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திப் பார்த்தபோது முட்டை கலப்பு ஒரு விழுக்காட்டுக்கும் கீழேயே இருந்தது. ஆகவே பொறி இப்போது நிரந்தரச் செலவாக இல்லை. கண்காணிப்பு மட்டும் தொடர்கிறது.

## 1980: தவறிய தீ

வாழிடத்தை உருவாக்க வனத்துறை சிறு பரப்புகளைத் திட்டமிட்டு எரித்து வந்தது. 1980 மே 5 அன்று மியோ ஊருக்கு அருகே அப்படி மூட்டிய தீ கட்டுப்பாட்டை மீறியது. காய்ந்த வசந்தம், பலத்த காற்று, நெருங்கி நின்ற ஜாக் பைன். தீ உச்சியிலிருந்து உச்சிக்குத் தாவி, நெடுஞ்சாலையைக் கடந்து, ஏறத்தாழ 24,000 ஏக்கரை எரித்தது. மாக் ஏரித் தீ என்று அதற்குப் பெயர். தீயணைப்பில் இருந்த ஒருவர் உயிரிழந்தார். 44 வீடுகளும் கட்டடங்களும் சாம்பலாயின.

அந்த இழப்பை எதுவும் ஈடுசெய்யாது. எரிந்த மணலில் ஜாக் பைன் எழுந்ததும் உண்மை. ஆறேழு ஆண்டில் அது பறவைக்கு உரிய உயரத்தைத் தொட்டது. 1987-இல் 167 ஆக இருந்த ஆண்களின் எண்ணிக்கை 1992-இல் 397, 1995-இல் 765. அதுவரை கருதுகோளாக இருந்தது நிரூபணமாயிற்று: பறவைக்கு இல்லாமல் இருந்தது இளங்காட்டுப் பரப்புதான்.

நிர்வாகத்துக்கு அதே தீ மற்றொன்றையும் கற்பித்தது. வீடுகள் ஊடாடும் இந்த நிலத்தில், பறவைக்கு வேண்டிய அளவு பெரிய தீயை வேண்டுமென்றே மூட்ட முடியாது. பறவை கேட்பது பல நூறு ஏக்கரில் உச்சிவரை எரியும் தீ. பாதுகாப்பாக மூட்டக்கூடியது தரையில் தவழும் சிறு தீ. இரண்டும் ஒன்றாகாது. ஆகவே வெட்டி நடும் முறை முதன்மையானது.

## தீயின் வேலையை இயந்திரம் செய்யும் முறை

1. வெட்டு. ஏறத்தாழ 50 வயதான தோப்பைப் பெரும் பரப்பாக முழுவெட்டு செய்கிறார்கள். மரம் காகிதக்கூழுக்கும் பலகைத் துகளுக்கும் விற்பனையாகிறது. காய்ந்த மரங்கள் சிலவற்றை நிற்க விடுவார்கள். மரங்கொத்தி போன்றவற்றுக்கு அவை வேண்டும்.

2. சால் கீறல். இயந்திரக் கலப்பையால் மேல்புல்லைப் புரட்டிச் சால் எடுக்கிறார்கள். தீ செய்யும் மணல் வெளிப்பாட்டுக்கு இது மாற்று. ஆழம் குறைந்தால் புல்வேர் நாற்றோடு நீருக்குப் போட்டியிடும். மணலில் அந்தப் போட்டியில் நாற்று தோற்கும்.

3. நடவு. நாற்றங்காலில் வளர்த்த நாற்றை வசந்தத்தில், மண்ணில் பனிநீர் இருக்கும்போதே நடுவார்கள். இடைவெளி 5 அடிக்கு 6 அடி. ஏக்கருக்கு 1,452 நாற்று. மரவியாபாரத்துக்கு நடுபவர் இவ்வளவு நெருக்கி நட மாட்டார்.

4. வெற்றிடம். வரிசைகளை நேராக விடாமல் எதிரெதிர் அலைகளாக வளைத்து, நடுவே கால் ஏக்கர் அளவில் திறந்த இடங்கள் விடப்படுகின்றன. தீக்காட்டில் விதை விழாமல் விட்ட இடங்களின் நகல் இது. இரை தேடவும் புல் செழிக்கவும் இந்த வெளி வேண்டும்.

கணக்கு எளிது. 1,000 இணைகளுக்கு எந்த ஆண்டிலும் சுமார் 38,000 ஏக்கர் உரிய வயதுக் காடு வேண்டும் என்று திட்டமிட்டார்கள். ஒரு தோப்பு சுமார் 10 ஆண்டு பயன்படும். ஆகவே ஆண்டுக்கு 3,800 ஏக்கர் புதிதாக நட வேண்டும். சுழற்சி 50 ஆண்டு என்பதால் மொத்தம் 1,90,000 ஏக்கர் இந்தச் சுற்றுக்குள் இருக்க வேண்டும். வெட்டுவதைப் பார்த்துக் கலங்குபவர் இந்தக் கணக்கில்தான் நிம்மதி தேட வேண்டும்: வெட்டு என்பது இந்த மொத்தப் பரப்பின் ஐந்தில் ஒரு பங்கில் பறவையை எப்போதும் வைத்திருக்கும் ஏற்பாடு.

தவறுவது எங்கே?

- விதையை நம்புவது. வெட்டிய கிளைகளைத் தரையில் பரப்பினால் வெயில் சூட்டில் சில கூம்புகள் திறக்கும். நாற்றுச் செலவு மிச்சம். ஆனால் முளைப்பு ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் இல்லாமலும் போகும். ஹெக்டேருக்கு இரண்டாயிரம் தண்டு என்ற அளவை எட்டாத பரப்பு பறவைக்கு வீண்.
- குப்பையை எரிப்பது. வெட்டிய கிளைகளோடு கூம்புகளும் தரையில் கிடக்கும்போது தீ வைத்தால், நின்ற மரத்தின் உச்சியில் நொடிகள் மட்டும் பட்ட வெப்பம் இங்கே நின்று எரியும். விதை கருகிப்போகும். தீயைப் பயன்படுத்த வேண்டுமானால் விதை மரங்களை நிற்க விட வேண்டும்.
- வறட்சி. மணல் ஈரத்தை வைத்திருக்காது. நட்ட முதல் கோடையில் மழை பொய்த்தால் நாற்றுகள் காய்ந்து இடைவெளி விழும். மறுநடவு செய்யும்போது ஒரே வயது என்ற தன்மை குலையும்.
- முதிர்ந்த காட்டைத் தள்ளிப்போடுவது. வயதான தோப்பில் ஜாக் பைன் மொட்டுப்புழு பெருகும். அது மரத்தைக் காயவைத்தால் விற்பனை விலை போய்விடும். வெட்டும் செலவைத் தாங்க ஆள் இருக்காது.

## பட்டியலிலிருந்து நீக்கம் என்றால் என்ன?

இந்தப் பறவை 1967-இல் வெளியான முதல் அமெரிக்கப் பட்டியலிலேயே இருந்தது. 1973-இல் வந்த சட்டத்தின் கீழும் தொடர்ந்தது. மீட்புக்கான இலக்கு 1,000 இணைகள். 2001-இல் அது எட்டப்பட்டது. 2015-இல் 2,300-ஐத் தாண்டியது. நீக்கத்துக்குப் பின் 2021-இல் எடுத்த கணக்கு 2,245.

நீக்கம் என்பதற்குச் சட்டத்தில் உள்ள பொருள், உடனடி அழிவின் அபாயம் விலகிவிட்டது என்பது. இனி உதவி வேண்டாம் என்பது அதன் பொருள் அல்ல. அமெரிக்கச் சூழலியலாளர்கள் இத்தகைய உயிரைப் பராமரிப்பைச் சார்ந்த இனம் என்று தனி வகையில் வைக்கிறார்கள். நீக்கிய பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு கண்காணிக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. மீன், வனவிலங்குத் துறை, வனத்துறை, மிச்சிகன் இயற்கை வளத் துறை ஆகிய மூன்றும் நடவைத் தொடர்வதாக ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகே நீக்கம் நடந்தது. என் கருத்தில் அது சரியான வரிசை: முதலில் பராமரிப்புக்கு உத்தரவாதம், அதன் பிறகு பட்டியல் மாற்றம்.

## இனி எங்கே பிசகலாம்

முதலாவது பணம். பறவைக்காக நெருக்கி நட்ட தோப்பு வெற்றிடங்களோடு மெல்லிய மரத்தைத் தருகிறது. ஜாக் பைனின் விலையே குறைவு. நாற்று, உழவு, கூலி எல்லாம் சேர்த்தால் விற்பனை வருமானம் நடவுச் செலவை ஈடுகட்டுவது கடினம். விலை கூடிய செம்பைனை நடலாமே என்ற அழுத்தம் எப்போதும் உண்டு. விஸ்கான்சினில் செம்பைன் தோட்டத்தில் பறவை கூடு கட்டியதை அதற்கு ஆதரவாகக் காட்டுவார்கள். அங்கே நட்ட செம்பைன் நாற்றுகள் பல செத்து, இடையில் ஜாக் பைன் தானாக முளைத்த தோட்டத்துக்குத்தான் பறவை வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது காலதாமதம். இது எல்லாவற்றிலும் தந்திரமானது. இந்த ஆண்டு நடவு நின்றால் அடுத்த ஆண்டுக் கணக்கெடுப்பில் எதுவும் தெரியாது. ஏற்கெனவே வளர்ந்த காடு பறவையைத் தாங்கும். விளைவு ஆறு முதல் பத்து ஆண்டு கழித்துத்தான் வரும். அப்போது அவசரமாக நட்டாலும் அந்த நாற்று பயன்பட மேலும் ஆறு ஆண்டாகும். எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுக்கும் எந்த நிர்வாகமும் இந்தப் பறவை விஷயத்தில் பிந்திவிடும். பார்க்க வேண்டியது பறவையின் எண்ணிக்கையோடு காட்டின் வயதுப் பங்கீட்டையும்: 0–5, 6–15, 16–50 என்ற மூன்று வயதுப் பிரிவுகளில் எத்தனை ஏக்கர் என்ற அட்டவணையை. முதல் பிரிவு சுருங்கினால் அதுவே எச்சரிக்கை.

மூன்றாவது பஹாமாஸ். மிச்சிகனில் எவ்வளவு நட்டாலும் ஆண்டின் பாதிக்கு மேல் பறவை வேறு நாட்டில் இருக்கிறது. எலூத்தரா, கேட் ஐலண்ட் போன்ற தீவுகளில் காட்டுச் சேஜ், பிளாக் டார்ச், ஸ்னோபெர்ரி என்ற புதர்களின் சிறு பழங்களைத் தின்று குளிர்காலத்தைக் கடத்துகிறது. இந்தப் புதர்களும் முதிர்ந்த காட்டில் செழிப்பதில்லை. வெட்டியோ மேய்ந்தோ கலைந்து மீண்டும் முளைக்கும் இளம் புதர்க்காட்டில்தான் அதிகம். கோடையிலும் குளிரிலும் இந்தப் பறவைக்குக் கலைந்த நிலத்தின் இளமையே வேண்டியிருக்கிறது.

அங்கே தீர்மானிப்பது மழை. குளிர்காலத்தின் பிற்பகுதி, குறிப்பாக மார்ச், வறண்டு போனால் பழமும் பூச்சியும் குறைகின்றன. மெலிந்த பறவை புறப்படுவது பிந்துகிறது. மிச்சிகனுக்குப் பிந்தி வந்து, கூடு கட்டுவதும் பிந்துகிறது. வழியில் சாவதும் கூடுகிறது. கரீபியப் பகுதி வறண்டுகொண்டு போனால், அந்த இழப்பை ஈடுகட்ட மிச்சிகனில் இன்னும் கூடுதலான குஞ்சுகள் தேற வேண்டியிருக்கும். அதற்கு ஆண்டு நடவை 3,800 ஏக்கரில் நிறுத்தாமல் உயர்த்த இடமும் பணமும் வேண்டும். பொருளாதார வாதத்தில் நடவைக் குறைக்கலாம் என்பவர்கள் இந்தப் பக்கத்துக் கணக்கையும் சேர்த்துப் போட வேண்டும்.